சீயக்காய் என்று காதில் விழுந்தது

ஏப்ரல் 7, திங்கள்

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நேற்று ஈரோடு பொருட்காட்சி மைதானத்தில், எழுநூறு எண்ணூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நான் ஒரு மாங்காய் வியாபாரியின் பேச்சைக் கேட்டுக் கீழே குதித்துவிட்டேன்.

விவரமாக எழுதினால்தான் மனது ஆறும். வயது நாற்பத்தாறு. எடை எண்பத்து நான்கு கிலோ. புலிக்கோடு போட்ட இறுக்கமான உடுப்பு. இந்தக் கோலத்தில் மல்யுத்த மேடையின் மூலைத் தூணில் ஏறி, மேல் கயிற்றில் இரண்டு காலையும் வைத்து, ஜனங்களைப் பார்த்து நிற்கிறேன். முதுகுக்குப் பின்னால் நாச்சிமுத்து. மேடையில் அவன் பெயர் கரும்பாறை, நூற்றுப் பதினெட்டு கிலோ வில்லன். நான் பின்பக்கமாகக் கரணம் அடித்துப் போய் அவன் நெஞ்சில் விழ வேண்டும். அவன் என்னை வாங்கிக்கொள்ள வேண்டும், வாங்கியது வெளியே தெரியாமல் மல்லாந்து சாயவும் வேண்டும். 'ஆகாசப் புலி'யாகிய என் பிழைப்பு இருபத்திரண்டு வருடமாக இதுதான். யார் ஜெயிப்பது என்பதையெல்லாம் டீ குடிக்கும்போதே பேசி முடித்துவிடுவோம். பூமி மட்டும் பேச்சுவார்த்தைக்கு வராது.

பின்னால் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாதல்லவா? அதற்காக ஒரு சொல் வைத்திருக்கிறோம். சரியான இடத்தில் வந்து நின்றதும் நாச்சிமுத்து "சீயக்காய்" என்பான். நான் குதிப்பேன். நேற்று மேடையை ஒட்டி ஒருவன் மாங்காய்ப் பத்தை விற்றுக்கொண்டிருந்தான். "மாங்காஆஆய்" என்று அவன் இழுத்த இழுப்பில் முன்பாதி காற்றோடு போய்விட்டது. மிச்சம் என் காதில் வந்து விழுந்தது. நான் கிளம்பிவிட்டேன்.

நாச்சிமுத்து அப்போதுதான் ஒரு முழங்காலை ஊன்றி எழுந்துகொண்டிருந்தான். அப்படியே பாய்ந்து வலது தோளைக் கொடுத்தான். நான் அதன்மேல் விழுந்தேன். கட்டில் சட்டம் முறிந்த மாதிரி ஒரு சத்தம் வந்ததாம், பின்வரிசை வரைக்கும் கேட்டதாம். எங்கள் முதலாளி ஆறுச்சாமி அண்ணன் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. ஆகாசத்திலிருந்து வருகிறவனுக்குக் காற்றுச் சத்தம் அதிகம்.

கீழே கிடந்தபடி நாச்சிமுத்து உதட்டை அசைத்தான். பார்த்துப் புரிந்துகொண்டேன். "மாப்ளே, சீக்கிரம் என்னைய அமுக்கி ஜெயிச்சுப்போடு. எந்திரிக்க முடியாது." ஜெயித்தேன். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது.

விற்கிறவர்கள் முதல் எழுத்தை முழுங்காமல் கத்த வேண்டும் என்று அரசாங்கம் ஏதாவது செய்யக் கூடாதா?

ஏப்ரல் 9, புதன்

நாச்சிமுத்துவுக்கு எலும்பு முறியவில்லை. ஜவ்வு கிழிந்திருக்கிறது. ஐந்து வாரம் கையைத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மே 18 ஞாயிறு கோயமுத்தூரில் எங்களுடைய வருடத்துப் பெரிய ஆட்டம். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். சரியாக ஆறு வாரத்தில் வருகிறது.

பனியன் கம்பெனியில் இன்று எனக்கு வேலை ஓடவில்லை. என் வேலை செக்கிங். நாள் முழுக்க ட்யூப்லைட் வெளிச்சத்தில் பனியனை விரித்து ஓட்டை தேடுவது. இன்று ஓட்டையுள்ள பனியன் பதினொன்றைப் பாஸ் செய்துவிட்டேன் என்று சூப்பர்வைசர் சத்தம் போட்டதாகப் பக்கத்து மேஜைக்காரர் சொன்னார். சத்தம் போடுகிறவர் என் முன்னால் வந்து போட வேண்டும். முதுகுக்குப் பின்னால் போட்டால் அது வம்பு பேசுவதில் சேரும்.

வம்பு என்றதும் நினைவு வருகிறது. நாச்சிமுத்துவைப் பற்றி வெளியில் சொல்லாத ஒன்றை இங்கே எழுதிவைக்கிறேன். அவன் நடிப்பு இரண்டு வருடமாகப் படு மட்டம். முன்பெல்லாம் நான் தூணில் ஏறினால் அந்த மூலையில் தடுமாறுவான், இந்த மூலையில் கயிற்றைப் பிடித்துத் தொங்குவான், நடுவரின் சட்டையைப் பிடிப்பான். கடைசி நொடியில்தான் என் பின்னால் வந்து சேருவான். இப்போது நான் ஏற ஆரம்பிக்கும்போதே பஸ்ஸுக்கு நிற்கிறவன் மாதிரி வந்து நின்றுவிடுகிறான். ஆறுச்சாமி அண்ணனே திட்டினார்: "ஏப்பா, உதை வாங்கறவன் இப்புடியா வந்து வரிசைல நிப்பான்?" அவன் சிரித்து மழுப்பிவிட்டான். வயதாகிறது, பாவம்.

நல்ல மனுஷன் என்பதில் சந்தேகம் இல்லை. தாராபுரத்தில் ஒரு அம்மாள், என்னை அடிக்கிறான் என்ற ஆத்திரத்தில் செருப்பைக் கழற்றி அவன்மேல் வீசினாள். ஆட்டம் முடிந்ததும் ஒற்றைச் செருப்போடு மேடைக்குப் பின்னால் வந்து நின்றாள். நாச்சிமுத்து செருப்பைத் துடைத்துக் கொடுத்து, "பாத்துப் போங்கம்மா, அக்கட்ட முள்ளு கெடக்குது" என்றான். அந்த அம்மாள் அவனை மறுபடி முறைத்துவிட்டுத்தான் போனாள். அந்த அளவுக்கு அவன் நல்ல நடிகனாக இருந்த காலம் அது.

ஏப்ரல் 10, வியாழன்

பருப்பு தீய்ந்துவிட்டது. மூன்று விசிலில் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு என் மனைவி கலாமணி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். குக்கர் பக்கத்திலேயே உட்கார்ந்துதான் பேப்பர் படித்தேன். விசில் வரவே இல்லை. வாஷர் போயிருக்கும் என்றேன். அவள் குக்கரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். புது வாஷர் வாங்கி வர வேண்டும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஆட்டம் இல்லாத ஞாயிறு. என்னைப் பற்றி நானே எழுதிக்கொண்டால்தான் உண்டு.

இந்த வித்தை எனக்குக் காலிங்கராயன் வாய்க்காலில் வந்தது. மற்ற பையன்கள் பாலத்திலிருந்து தலைகீழாகப் பாய்வார்கள். எனக்குத் தண்ணீரைப் பார்த்தால் பயம். பார்க்காமல் குதித்தால் பயம் தெரியாது என்று கண்டுபிடித்து, திரும்பி நின்று பின்பக்கமாகக் குதிக்கப் பழகினேன். என் கோழைத்தனத்தைத்தான் ஊர் வீரம் என்று நினைத்தது. இருபத்து நான்கு வயது ஆகியும் அந்தப் பழக்கம் விடவில்லை. ஆறுச்சாமி அண்ணன் அப்போது ஒரு பழைய வேனில் மேடைப் பலகைகளையும் இரண்டு ஒலிபெருக்கியையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். டீ குடிக்க வண்டியைப் பாலத்தோரம் நிறுத்தியவர் என்னைப் பார்த்துவிட்டார். "தண்ணி இல்லாத எடத்துலயும் இதையச் செய்வியா?" என்று கேட்டார். சாப்பாடு உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார்.

முதல் ஆட்டத்தில் என் எதிராளி விலகிக்கொண்டான். பலகையில் விழுந்து இரண்டு பல் போயிற்று. அதன்பிறகு ஏழெட்டுப் பேர் மாறினார்கள். ஒவ்வொருவனும் ஏதாவது ஒரு நாள் விலகினான். எண்பது கிலோ ஆகாசத்திலிருந்து வந்தால் விலகத்தான் தோன்றும், அது மனித இயல்பு. நாச்சிமுத்து மட்டும் விலகவில்லை. முதல் நாள் கேட்டேன், ஏன் விலகவில்லை என்று. "நீ வர்றேன்னு சொன்னியே மாப்ளே" என்றான். பகலில் அவன் இலவம்பஞ்சு மெத்தைக் கடை நடத்துகிறான் என்பது பிறகுதான் தெரிந்தது. தொழில் சுத்தம்.

ஆரம்பத்தில் எங்கள் சொல் "வா" என்பது. கோபியில் கூட்டத்தில் ஒருவன் தன் மைத்துனனைப் பக்கத்தில் உட்காரக் கூப்பிட, நான் குதித்துவிட்டேன். அடுத்து "ரெடி" என்று வைத்தோம். ஆறுச்சாமி அண்ணன் மைக்கில் "எல்லாரும் ரெடியா?" என்றார், குதித்தேன். இரண்டு முறையும் நாச்சிமுத்து எப்படியோ வந்து வாங்கிக்கொண்டான். அன்று அவன் மனைவி வாங்கி வரச் சொன்னதை உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்திருந்தான். அதைக் காட்டி, "இந்த வார்த்தைய குஸ்தி பாக்க வர்றவன் ஒருத்தனும் சொல்ல மாட்டான்" என்றான். பதினான்கு வருடம் ஓடிவிட்டது. கரூரில் மட்டும் ஒரு சீயக்காய்ப் பொடிக்காரர் ஆட்டத்துக்கு விளம்பரம் கொடுத்து, மேடையைச் சுற்றி மைக்கில் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அன்று ஒரு நாள் "பாயசம்" என்று மாற்றிக்கொண்டோம்.

அன்று இரவு வேனில் திரும்பும்போது எனக்குப் பசி தாங்கவில்லை. அது அந்தச் சொல்லின் வேலை.

ஏப்ரல் 16, புதன்

கோயமுத்தூருக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று ஆறுச்சாமி அண்ணன் பொள்ளாச்சிப் பக்கம் மல்யுத்தம் ஆடுகிற மகாலிங்கத்தைக் கூட்டிவந்தார். என்னைப் பிடிக்கப் பழக வேண்டுமாம். கீழே நான்கு மெத்தை போட்டு ஒத்திகை. நான் தூணில் ஏறி நின்றேன். நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். மைதானத்துக் காவல்காரர் எனக்குச் சிலை வைத்திருப்பதாக நினைத்திருப்பார்.

கடைசியில் மகாலிங்கம் என் கெண்டைக்காலில் அறைந்தான். "ஏனுங் புலியாரே, அஞ்சு வாட்டி கத்திப்போட்டனுங். டீக்கடைக்காரரு சீயக்கா இங்க இல்லீங்கன்னு பதிலே சொல்லிப்போட்டாரு. காதுல என்ன, பஞ்சா?"

அவன் குரல் அப்படி. கீச்சுக் குரல். ஆண்பிள்ளைக்கு அடிவயிற்றிலிருந்து குரல் வர வேண்டும். அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நாச்சிமுத்து இல்லாம எனக்கு ஆகாதுங்ணா" என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

காதில் நல்லெண்ணெய் விட்டேன். வேறு விசேஷம் இல்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. "ஏம் புள்ளே, எனக்குப் பின்னாடி நின்னு பத்து வார்த்தை சொல்லு, நான் திருப்பிச் சொல்றேன்" என்று கலாமணியிடம் சொன்னேன். சுவரைப் பார்த்து நின்றேன். அவள் சொல்லச் சொல்ல நானும் சொன்னேன். திரும்பிப் பார்த்தபோது அவள் விரலை மடக்கி வைத்திருந்தாள். பத்துக்கு மூன்று. "தக்காளி" என்றதை நான் "கொக்காளி" என்றேனாம். அப்படி ஒரு சாமானே உலகத்தில் கிடையாது.

அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"மூணு வருசமா நான் உங்க முன்னால வந்து நின்னுதானுங் பேசறேன். கவனிச்சதே இல்லீங்களா?"

கவனித்திருக்கிறேன். சமையலறையிலிருந்து கூப்பிட்டு ஒன்றும் சொல்ல மாட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என் முகத்துக்கு நேராக நின்று, முகத்தைப் பார்த்துத்தான் பேசுவாள். கல்யாணமாகி இருபது வருடம் கழித்து இவ்வளவு ஆசையா என்று பூரித்துப்போயிருந்தேன். கம்பெனியில் நாலு பேரிடம் பீற்றியும் இருக்கிறேன்.

ஏப்ரல் 24, வியாழன்

காது டாக்டர். பெட்டிக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். பரீட்சையில் பார்த்து எழுதுகிறவன் மாதிரி கண்ணாடி வழியே நர்ஸின் கையைப் பார்த்துப் பார்த்து அமுக்கினேன். கண்டுபிடித்துவிட்டார்கள். திருப்பி உட்கார வைத்தார்கள்.

"நரம்பு பலவீனம். காதுல அடி ஏதாவது பட்டிருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

"இருபத்திரண்டு வருசமா, வாரத்துக்கு ரெண்டு தடவை" என்றேன்.

"வீட்டிலா?" என்று கலாமணியைப் பார்த்தார்.

பிறகு தொழிலைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். உடம்பு நிதானம் நன்றாக இருக்கிறதாம். ஆனால் முதுகுக்குப் பின்னால் ஒருவர் சொல்வதை நம்பி எதுவும் செய்யக் கூடாதாம். காது மெஷின் வைத்துக்கொள்ளலாம். அதை மாட்டிக்கொண்டு கரணம் அடிக்க முடியுமா என்று கேட்டேன். அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "மெஷின் தனியா வரும், நீங்க தனியா வருவீங்க" என்றார்.

நல்ல டாக்டர். நன்றாக இருக்கட்டும்.

பஸ்ஸில் கலாமணி என்னைத் திருப்பி, முகத்துக்கு நேராகச் சொன்னாள்: "அவிக தோளு போனது மாங்காக்காரனாலயா உங்களாலயா? நாச்சிமுத்தண்ணன்கிட்ட நீங்களே சொல்லோணும். கோயமுத்தூருக்கு முன்னால சொல்லோணும். கழுத்து ஒடிஞ்சா அது தோளு மாதிரி ஆறாதுங்."

ஏப்ரல் 27, ஞாயிறு

நாச்சிமுத்து கடைக்கு, சொல்லிவிடலாம் என்று போனேன். ஒரு தலையணை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 30, புதன்

மறுபடி போனேன். இன்னொரு தலையணை.

மே 2, வெள்ளி

நேற்றும் இன்றும்கூடப் போனேன். வீட்டில் ஆறு தலையணை ஆகிவிட்டது. படுக்கிறவர்கள் இரண்டு பேர். "இன்னொரு தலகாணி வந்துச்சுன்னா நானே போயிச் சொல்லிப்போடுவனுங்" என்கிறாள்.

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆகாசப் புலி இறங்கிவிடுவான். பனியனில் ஓட்டை பார்க்கிற இந்தச் சென்னியப்பன் மட்டும் மிச்சம் இருப்பான். அவனுக்காக யாரும் எழுந்து நின்று கை தட்ட மாட்டார்கள்.

சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அதை எழுதப் பிடிக்கவில்லை.

மே 4, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

கடையில் நாச்சிமுத்து இடது கையால் பஞ்சைப் பிரித்துக்கொண்டிருந்தான். மூக்கிலெல்லாம் பஞ்சு. நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து, "தலகாணியா?" என்றான்.

"இல்ல மச்சா. எனக்குக் காது கேக்கறதில்ல. அன்னைக்கு மாங்காக்காரன் மேல தப்பில்ல. என் மேலதான்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தேன். அவன் ஏதோ சொன்னான் போலிருக்கிறது. தரையைப் பார்த்தால் எனக்கு எப்படிக் கேட்கும்? அவன் என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினான்.

"தெரியும்னு சொன்னேன் மாப்ளே."

"எப்பருந்து?"

"பல்லடத்துல ஆடுனமில்ல, முந்தன வருசத்துக்கு முந்தன வருசம். நான் சொல்லவே இல்ல. நீ குதிச்சுப்போட்டே. ஓடியாந்து வாங்கிப்போட்டேன். அடுத்த ஆட்டத்துல நாலு வாட்டி சொன்னேன், நீ நின்னுக்கிட்டே இருந்தே. சரி, இவனுக்குப் போச்சுன்னு தெரிஞ்சுபோச்சு."

"அப்பறம் ரெண்டு வருசமா...?"

"நீ எப்பக் குதிச்சாலும் நான் அங்க இருக்கோணும். அவ்வளவுதானே? நீ ஏறுனதும் வந்து நின்னுக்குவேன். அண்ணன்தான் கண்டபடி திட்டுவாரு."

"நீ சொல்லியிருக்கலாமில்லடா!"

"சொன்னா நிறுத்திப்போடுவியே" என்றான். பஞ்சைத் தட்டினான். "எனக்கும் அது இல்லீன்னா வாரம் பூரா மெத்தைதான். ஈரோட்டுல மேடை வழுவழுன்னு கெடந்துச்சு, முட்டி போட்டு எந்திரிக்க லேட்டாப்போச்சு. அது என்ற தப்பு."

இந்தக் குறிப்பேட்டில் அவன் நடிப்பு மட்டம் என்று எழுதியிருக்கிறேன். அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும். நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்பதற்கு ஒரு சாட்சி வேண்டும்.

அவன் ஒரு நிபந்தனை போட்டான். கோயமுத்தூரோடு பறப்பது நின்றுவிட வேண்டும். கடைசி ஆட்டத்தில் சொல் கிடையாது. அவன் தடுமாறுகிற மாதிரி வந்து கயிற்றை இரண்டு முறை பலமாக ஆட்டுவான். அது என் உள்ளங்காலில் தெரியும். அதன்பின் இரண்டு அடி பின்வாங்கி நிற்பான். நான் மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணிவிட்டு வர வேண்டும்.

நேராக ஆறுச்சாமி அண்ணனிடம் இருவரும் போய் எல்லாவற்றையும் சொன்னோம். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "காதே கேக்காம இந்தக் கூட்டத்துக்கு முன்னால ரெண்டு வருசம் நின்னிருக்கியேப்பா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "போஸ்டர்ல கடைசிப் பறத்தல்னு போட்டா இன்னும் நூறு பேரு வருவாங்க" என்றார். அந்த மனுஷனை இதற்காகவே எனக்குப் பிடிக்கும்.

மே 11, ஞாயிறு

ஒத்திகை. கயிறு ஆடுவது காலில் பளிச்சென்று தெரிகிறது. பதினொரு முறை குதித்தேன், பதினொரு முறையும் வாங்கிக்கொண்டான். கீழே மெத்தை போட்டு, மெதுவாகத்தான். அவன் கட்டைப் பிரித்துவிட்டார்கள். தோள் சுத்தமாகச் சரியாகிவிட்டது என்கிறான். டீயை மட்டும் இடது கையால் குடிக்கிறான். ஏன் என்றால், "பழக்கத்த மாத்தறேன்" என்கிறான்.

மே 14, புதன்

காது மெஷின் வந்தது. மாட்டியதும் முதலில் கேட்டது எங்கள் மின்விசிறி. இவ்வளவு சத்தம் போடும் என்று தெரிந்திருந்தால் எப்போதோ மாற்றியிருப்பேன். இரண்டாவதாகக் கலாமணி சமையலறையில் பாடுவது கேட்டது. சுருதியே சேரவில்லை. கழற்றாமல் கடைசி வரை கேட்டேன்.

மே 17, சனி

கலாமணி புது உடுப்பு தைத்து முடித்துவிட்டாள். அவள் ஓவர்லாக் டெய்லர் என்பதால் தையல் பிரியாது என்று நம்பலாம். தொப்பை இருக்கும் இடத்தில் மட்டும் புலிக்கோடுகளை நெடுக்கில் வைத்திருக்கிறாள், ஒல்லியாகத் தெரியுமாம். அதைக் கொடுத்துவிட்டு, "நாச்சிமுத்தண்ணன் வலது கை காதுக்கு மேல ஏற மாட்டேங்குதுங், அவிக சம்சாரம் போன்ல சொன்னாங்க" என்றாள்.

கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். மெஷின் மாட்டியிருந்ததை மறந்துவிட்டேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

நேரே கடைக்குப் போனேன். "கையைத் தூக்கு" என்றேன். தூக்கினான். காது வரைக்கும் வந்தது. அதற்கு மேல் முகம்தான் கோணிற்று. "வேண்டாம் மச்சா, மகாலிங்கத்துக்கிட்டச் சொல்லிக்கலாம்" என்றேன். "அவன் வெலகிப்போடுவான்" என்றான். மெத்தைக்கு ஊசி போட உட்கார்ந்துவிட்டான்.

மே 19, திங்கள்

கடைசி ஆட்டம் நேற்று சாயந்திரம் நடந்தது. நிதானமாக எழுதுகிறேன், இன்று கம்பெனிக்கு லீவு.

கூட்டம் ஆயிரத்து இருநூறு என்றார் அண்ணன், ஆகவே தொள்ளாயிரம் இருக்கும். மெஷினைக் கழற்றி கலாமணியிடம் கொடுத்தேன். முதல் வரிசையில் அதை இரண்டு கைக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கரும்பாறை என்னைப் பன்னிரண்டு நிமிடம் விதவிதமாகத் துவைத்தான். பழைய நாச்சிமுத்து. நடுவரின் சட்டையைப் பிடித்தான், மூலைக்கு மூலை தடுமாறினான், ஒரு பெரியவரின் குடையைப் பிடுங்கி அவர் முன்னாலேயே மடக்கினான். அவனைத் திட்டாத வாய் மைதானத்தில் இல்லை. வாய்கள் அசைந்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

பிறகு நான் அவனை விழத்தட்டிவிட்டுத் தூணில் ஏறினேன். மேல் கயிற்றில் நின்றேன். எதிரே அத்தனை முகம், சத்தமே இல்லை.

காலில் கயிறு ஆடியது. என் உள்ளங்கால் சொன்னது: இதோ. போனேன்.

அந்தரத்தில் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது, நிறைய நேரம் இருந்தது. வாய்க்கால் பாலம் ஞாபகம் வந்தது. டீ குடிக்க வண்டியை நிறுத்திய ஆறுச்சாமி அண்ணனுக்கு நன்றி சொன்னேன். முகத்துக்கு நேராக வந்து நிற்கிற கலாமணிக்கு. செருப்பை வீசிய தாராபுரத்து அம்மாளுக்கு. எங்களை நம்பியதால்தானே வீசினாள்? மாங்காய்க்காரனுக்கும் சொன்னேன், அவன் இல்லாவிட்டால் இன்றும் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டேன். என்னை வாங்கிய ஒவ்வொரு தடவையும் தான் வாங்கவில்லை என்று நடித்தவனுக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். யோசித்து முடிப்பதற்குள் அவன் நெஞ்சில் இருந்தேன். இரண்டு கை என்னைச் சுற்றி இருந்தது. வலது கையும்.

கீழே கிடந்தபடி அவன் உதட்டைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் நிற்க, "சீயக்காய்" என்றான்.

அவன்மேல் படுத்து ஜெயித்தேன். நடுவர் மூன்று எண்ணிய பிறகும் எழுந்திருக்க மனமில்லை. "எறங்குடா, மூச்சு முட்டுது" என்கிறானென்று தெரிந்துதான் எழுந்தேன்.

கூட்டம் நின்று கை தட்டியது. தொள்ளாயிரம் பேரின் கை தட்டல் மேடைப் பலகை வழியாக உள்ளங்காலில் ஏறிற்று. இவ்வளவு வருடம் அதைக் காதால் கேட்பதாகத்தான் நினைத்திருந்தேன்.

இருபத்திரண்டு வருடத்தில் மிகச் சுத்தமான பறத்தல் இதுதான். ஒரு காலடி கூடப் பிசகவில்லை. குறையே இல்லாமல் முடித்துக்கொண்டேன் என்று எழுதிவைக்கிறேன்.

மே 21, புதன்

யாரோ செல்போனில் எடுத்த வீடியோவை மகாலிங்கம் அனுப்பியிருந்தான். நானும் கலாமணியும் மெதுவாக ஓட்டி நான்கு தடவை பார்த்தோம். நாச்சிமுத்துவின் கை கயிற்றைத் தொட இன்னும் ஒரு முழம் இருக்கிறது. அதற்குள் கயிற்றில் என் இடது கால் வழுக்குகிறது. அவன் கயிற்றை விட்டுவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் விரித்துக்கொண்டு ஓடி வருகிறான்.

நான் பறக்கவில்லை. விழுந்திருக்கிறேன்.